ஆசரிப்புக் கூடாரத்தின் நூலும் நெசவும்: விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்புகளில் திருத்தலப் பொருள்களின் பெயர்கள்

ஆய்வுச் சுருக்கம்

விவிலியத்தின் யாத்திராகமம் 25 முதல் 40 வரையுள்ள இயல்கள், இசுரவேலர் பாலைநிலத்தில் அமைத்த ஆசரிப்புக் கூடாரத்தையும் அதன் புனிதப் பொருள்களையும் அளவும் பொருளும் வேலைப்பாடும் சுட்டி விளக்குகின்றன. அப்பொருள்களுள் பரப்பால் மிகுந்தது துணியே. அத்துணிக்குரிய எபிரேயச் சொற்களைத் தமிழ் மொழிபெயர்ப்புகள் பஞ்சுநூல், சணல்நூல், நார்ப்பட்டு எனப் பலவாறு பெயர்த்துள்ளன. இச்சொற்களைத் திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலில் வழங்கும் நூற்சொற்களோடு ஒப்புநோக்கி, இழையின் பெயரில் தமிழ் மொழிபெயர்ப்புகள் மூலத்தினின்று விலகியுள்ளன என்றும், வேலைப்பாட்டின் பெயரில் பழைய மொழிபெயர்ப்பு மூலத்திற்கு மிக நெருங்கி நிற்கிறது என்றும் இக்கட்டுரை நிறுவுகிறது.

திறவுச்சொற்கள்: ஆசரிப்புக் கூடாரம், பஞ்சுநூல், நார்ப்பட்டு, சணல், திரித்தல், விசித்திர நெசவு, காதர்பேட்டை

1. முன்னுரை

தமிழில் நூல் என்னும் சொல் இழையையும் ஏட்டையும் ஒருசேரக் குறிக்கும். பஞ்சினின்று இழை நூற்கும் தொழிலோடு நூல் யாக்கும் தொழிலை ஒப்பிட்டுக் காட்டுகிறது நன்னூல். விவிலியத்தைத் தமிழில் பெயர்த்தோர் திருத்தலத் திரைகளைப் பற்றிய இயல்களுக்கு வந்தபோது, இவ்விரு பொருளும் அவர்தம் பணியில் ஒருங்கே வந்தன. அவர்கள் யாத்த நூல் வேற்றுநாட்டு நூலொன்றின் பெயரைத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

திருப்பூர்த் தொடர்வண்டி நிலையத்தை அடுத்த காதர்பேட்டை, பனியனும் பிற பின்னலாடைகளும் மொத்தமாக விற்பனையாகும் இடம். இப்பகுதியின் அன்றாடப் பேச்சில் பஞ்சு, நூல், முறுக்கு, கவுண்ட், சாயம், காட்டன், லினன் ஆகிய சொற்கள் ஒவ்வொன்றும் வரையறுத்த பொருளுடையவை. ஒரு சொல் பிறழ்ந்தால் சரக்கே மாறிவிடும். பிற ஊர்களில் வெறும் அணிச்சொற்களாகக் கடந்து செல்லப்படும் மெல்லிய, திரித்த என்னும் அடைகள், இத்தகைய மொழிச்சூழலில் படிப்போர்க்குத் தொழில்நுட்பச் சொற்களாகவே தோன்றும். எபிரேய மூலத்திலும் அவை தொழில்நுட்பச் சொற்களே. ஆகவே இத்தொழிற்சூழலின் சொல்வழக்கு, மொழிபெயர்ப்பை மதிப்பிடத்தக்க ஓர் அளவுகோலாக இங்குக் கொள்ளப்படுகிறது.

தரங்கம்பாடியில் சீகன்பால்கு 1714-15ஆம் ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு, பழைய ஏற்பாட்டை ரூத்து வரை பெயர்த்தார். எஞ்சிய பகுதியைச் சூல்ச்சே நிறைவு செய்தார். பின்னர் பப்ரிசியசு செய்த மொழிபெயர்ப்பின் நடை, ஹென்றி பவர் தலைமையிலான குழு உருவாக்கி 1871இல் முழுமையாக வெளிவந்த மொழிபெயர்ப்பிலும் தொடர்ந்தது. சீர்திருத்தத் திருச்சபைகளில் இன்றளவும் வழங்குவது அதுவே. கத்தோலிக்கரும் சீர்திருத்தத் திருச்சபையினரும் இணைந்து உருவாக்கிய திருவிவிலியம் 1995இல் வெளிவந்தது. இறுதியிற் கூறிய இரண்டும், முறையே பழைய மொழிபெயர்ப்பு, திருவிவிலியம் எனச் சுட்டப்பட்டு இக்கட்டுரைக்கு முதன்மைச் சான்றுகளாகின்றன.

2. திருத்தலப் பொருள்களும் தமிழ்ப் பெயர்களும்

கூடாரத்தின் உள்ளறையில் இருந்தது பேழை. இரண்டரை முழ நீளமும் ஒன்றரை முழ அகலமும் ஒன்றரை முழ உயரமும் கொண்டது. சீத்திம் மரத்தால் செய்து பொன்தகடு வேய்ந்தது. சீத்திம் என்பது வேல மரத்தின் இனத்தைச் சேர்ந்தது. மொழிபெயர்ப்பாளர் எபிரேயப் பெயரையே கொண்டமையால், கொங்குநாட்டார் கண்முன் நாளும் நிற்கும் மரத்தின் உறவினம் அயல்மரமாகவே நின்றுவிட்டது.

பழைய மொழிபெயர்ப்பு பெட்டி என்பதைத் திருவிவிலியம் பேழை என்கிறது. பேழையின் மூடியைப் பழைய மொழிபெயர்ப்பு கிருபாசனம் என்றும், திருவிவிலியம் இரக்கத்தின் இருக்கை என்றும் பெயர்க்கின்றன. எபிரேயத்தில் இதன் பெயர் கப்போரெத்து. பாவநிவிர்த்தியைக் குறிக்கும் வேரினின்று பிறந்தது அது. இருக்கை என்னும் பொருள் அதில் இல்லை. லூத்தர் தம் செருமானிய மொழிபெயர்ப்பில் அமைத்த அருளிருக்கை என்னும் கூட்டுச்சொல்லின் வழியில் வருவது தமிழ்க் கிருபாசனம். கிரேக்கத்தில் இம்மூடியைக் குறிக்கும் இலாசுதேரியோன் என்னும் சொல்லே உரோமர் 3:25இலும் வருகிறது. அங்குப் பழைய மொழிபெயர்ப்பு கிருபாதாரபலி என்றது. எபிரேயர் 9:5இல் கிருபாசனம் என்றது. ஒரே சொல் இரண்டாகப் பிரிந்ததனால், திருத்தலப் பொருளுக்கும் கிறித்துவின் இறப்புக்கும் பவுல் காட்டிய தொடர்பு தமிழில் பாதியே விளங்குகிறது.

முன்னறையில் மூன்று பொருள்கள் இருந்தன. அப்ப மேசை இரண்டு முழ நீளம், ஒரு முழ அகலம், ஒன்றரை முழ உயரம் உடையது. தூபபீடம் ஒரு முழச் சதுரமும் இரண்டு முழ உயரமும் உடையது. விளக்குக்கு அளவு கூறப்படவில்லை. ஒரு தாலந்து பொன்னால் அடித்துச் செய்தது, ஏழு அகல்கள் உடையது என்பன மட்டும் கூறப்பட்டுள்ளன. அதனைப் பழைய மொழிபெயர்ப்பு குத்துவிளக்கு என்றது. ஆறு கிளைகள் பிரியும் தண்டுக்கும் தமிழகத்துக் குத்துவிளக்குக்கும் வடிவ ஒற்றுமை குறைவு. எனினும் இறைமுன் எரியும் நின்ற விளக்கு என்னும் பயன்பாட்டு ஒற்றுமை அச்சொல்லைத் தேரச் செய்தது. திருவிவிலியம் விளக்குத்தண்டு என வடிவத்தை நோக்கித் திரும்பியது. வெளி முற்றத்தில் ஐந்து முழச் சதுரமும் மூன்று முழ உயரமும் கொண்ட தகனபலிபீடமும், வெண்கலத் தொட்டியும் இருந்தன.

3. துணியால் ஆன உறைவிடம்

பேழையும் விளக்கும் பெயர்பெற்றவை. ஆயினும் அவற்றைத் தாங்கிய உறைவிடம் பெரும்பாலும் துணியே என்பதை யாத்திராகமத்தின் எண்கள் உணர்த்துகின்றன. உள் மூடுதிரைகள் பத்து. ஒவ்வொன்றும் 28 முழ நீளம், 4 முழ அகலம். ஆகப் பரப்பு 1,120 சதுர முழம். முற்றத்தின் தொங்குதிரைகள் தெற்கும் வடக்கும் நூறு நூறு முழம், மேற்கே ஐம்பது முழம், கிழக்கே வாயிலின் இருமருங்கும் பதினைந்து பதினைந்து முழம், ஆக 280 முழம். உயரம் 5 முழம் என்பதால் பரப்பு 1,400 சதுர முழம். இரண்டும் சேர்ந்து 2,520 சதுர முழம். முழம் ஒன்றுக்கு 45 செ.மீ. எனக் கொண்டால் ஏறத்தாழ 510 சதுர மீட்டர். உள்ளறைத் திரைச்சீலையும், இருவாயில் திரைகளும், மேலே போர்த்திய வெள்ளாட்டு மயிர்த் திரைகள் பதினொன்றும் இக்கணக்கில் சேரவில்லை.

இத்துணிகள் ஒரே தரத்தன அல்ல. உள்ளே செல்லச் செல்ல வேலைப்பாடு உயர்கிறது. முற்றத்தின் சுற்றுத்திரை வெறும் வெண்ணிறத் துணி. வாயில் திரைகளில் நால்வகை நூலும் ஊசிவேலையும் உண்டு. உள் மூடுதிரைகளிலும் திரைச்சீலையிலும் நால்வகை நூலோடு கேருபீன் உருவங்களும் நெய்யப்பட்டன. வெண்கலம், வெள்ளி, பொன் என உலோகம் உயர்வதுபோலத் துணியும் உயர்கிறது என்பதை மெனகெம் ஆரான் 1978இல் வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கினார். புனிதத்தின் படிநிலையைக் கண்ணுக்குக் காட்டியது நூலின் தரமே. எனவே நூலின் பெயர் பிறழுமாயின், அப்படிநிலையும் படிப்போர்க்கு மங்கும்.

4. பஞ்சுநூலும் நார்ப்பட்டும்

வெண்ணிற நூலுக்கு யாத்திராகமம் வழங்கும் எபிரேயச் சொல் சேசு. இது எகிப்திய மொழியினின்று வந்தது. ஆளிச் செடியின் தண்டிலிருந்து எடுத்த நாரால் நூற்ற உயர்தர இழையைக் குறிப்பது. அந்நார்த்துணியே இன்று லினன் எனப்படுகிறது. எகிப்தினின்று வெளியேறிய மக்கள் எகிப்தின் தலைசிறந்த துணியால் தம் இறைவனுக்கு உறைவிடம் அமைத்தனர் என்பது இச்சொல்லின் உள்ளீடு.

பழைய மொழிபெயர்ப்பு இதனை மெல்லிய பஞ்சுநூல் என்றது. பருத்தி அக்காலத்து எகிப்திலும் சீனாயிலும் வழக்கில் இல்லை. அசீரிய மன்னன் சனகெரிபு கி.மு. 700ஐ ஒட்டி, கம்பளி காய்க்கும் மரங்களைத் தன் தோட்டத்தில் நட்டதை வியப்புக்குரிய செய்தியாகப் பொறித்தான். ஆட்டுமயிரினும் சிறந்த கம்பளியை இந்தியாவில் மரங்கள் தருகின்றன என்று எரோடோட்டசு எழுதினார். பருத்தி மேற்குலகுக்கு இந்தியப் புதுமையாக இருந்த காலம் அது.

ஆயினும் பஞ்சுநூல் என்பதை வெறும் பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு சேசு என்பதனைப் பூசோசு என்றது. பிற்காலக் கிரேக்கத்தில் இச்சொல் இந்தியப் பருத்தியையும் குறித்தது. லூத்தர் இதனை வெண்பட்டு என்றார். ஒவ்வொரு நாட்டாரும் தம் நிலத்தில் உயர்ந்தது எதுவோ அதனையே இடம்பெறச் செய்தனர். தமிழகத்தில் வெண்மை, மென்மை, நூற்கப்படுதல் ஆகிய மூன்று பண்பும் பொருந்தும் இழை பருத்தியே. புறநானூற்றிலேயே பருத்தி நூற்கும் பெண்டிர் இடம்பெறுகின்றனர். யாத்திராகமம் 35:25-26இல் கூடாரத்திற்காகத் தம் கைகளால் நூல் நூற்ற பெண்டிர் போற்றப்படுகின்றனர். பஞ்சுநூல் என்னும் சொல், அப்பெண்டிரைத் தமிழ்ப் பெண்டிரின் உழைப்போடு இணைத்தது. நூற்பாலையிலும் பனியன் நிறுவனங்களிலும் பெண்கள் உழைக்கும் திருப்பூர் வட்டாரத்தில் அவ்விணைப்புக்கு இன்றும் பொருளுண்டு.

திருவிவிலியம் இதனை மெல்லிய நார்ப்பட்டு எனத் திருத்தியது. நார் என்னும் முற்பகுதி மூலத்திற்கு நெருங்கியது. தண்டின் நார் என்னும் உண்மையை அது மீட்டது. பட்டு என்னும் பிற்பகுதியோ புழுவினின்று வரும் இழையை நினைவூட்டுகிறது. துணித்தொழிலில் பழகியோர் நார், பட்டு எனும் இரண்டையும் வெவ்வேறு சரக்காகவே அறிவர். இரண்டும் இணைந்த சொல் அவர்க்கு எந்த இழையையும் தெளிவாகச் சுட்டுவதில்லை.

5. சணல்: பொருள் மாறிய சொல்

எபிரேயத்தில் குருமார் உடைகளைச் சொல்லும்போது பத்து என்னும் வேறொரு சொல்லும் வருகிறது. அதுவும் ஆளிநார்த் துணியே. ஆயினும் எளிய தரத்தது எனக் கருதுவர். ஆண்டுக்கொருமுறை பாவநிவாரண நாளில் தலைமைக் குரு தம் பொன்னாடைகளைக் களைந்து, இவ்வெளிய வெள்ளுடையை அணிந்தே உள்ளறைக்குள் புகுவார் என்கிறது லேவியராகமம் 16ஆம் இயல். பழைய மொழிபெயர்ப்பு இங்குப் பஞ்சுநூல் என்னாமல் சணல்நூல் என்றது. மூலத்தின் இருவேறு சொற்களை இருவேறு தமிழ்ச் சொற்களால் காத்த நுண்மை பாராட்டத்தக்கது. ஆளிப் பயிரையே குறிக்கும் யாத்திராகமம் 9:31இலும், நீதிமொழிகள் 31:13இலும் அது சணல் என்றே வழங்குகிறது.

சிக்கல் காலத்தால் விளைந்தது. இன்று சணல் என்றவுடன் சாக்கும் மூட்டை கட்டும் கயிறும் நினைவுக்கு வருகின்றன. சரக்கு மூட்டைகள் நாளும் ஏறி இறங்கும் காதர்பேட்டை போன்ற கடைவீதியில் இப்பொருள் இன்னும் அழுத்தமானது. சணல்நூல் சட்டை என்பதை இன்றைய வாசகர் சாக்குடை எனவே கொள்வர். விவிலியத்தில் துக்கத்திற்கும் மனமாற்றத்திற்கும் உரிய சாக்குடை வேறு. பழைய மொழிபெயர்ப்பு அதனை இரட்டு என்று பெயரிட்டது. எளிமையும் தூய்மையும் காட்டும் வெள்ளுடையைத் துக்கத்தின் முரட்டுடையாக மயங்கினால், பாவநிவாரண நாளின் பொருளே மாறும்.

6. விலக்கப்பட்ட கலப்பும் புனிதக் கலப்பும்

இழையின் பெயர் ஏன் முதன்மையானது என்பதற்குச் சட்டநூல்களே சான்று தருகின்றன. ஆட்டுமயிரும் ஆளிநூலும் கலந்த ஆடையை இசுரவேலர் உடுத்தலாகாது என உபாகமம் 22:11 விலக்குகிறது. யூத மரபு கூடாரத்தின் நீல, செந்நீல, சிவப்பு நூல்களைக் கம்பளி எனவும், வெண்ணூலை ஆளிநூல் எனவும் கொள்ளும். ஆகவே பொதுமக்களுக்கு விலக்கப்பட்ட அதே கலப்பே திருத்தலத் திரைகளிலும் குருமாரின் உடைகளிலும் அமைந்தது. இக்கலப்பு குருமார்க்கே உரியது என்பதனாலேயே பிறர்க்கு விலக்கப்பட்டது என யோசேப்பு காரணம் கூறினார். குருமார் திருப்பணியில் அணிவன கம்பளியும் ஆளியுமே என மிசுனாவும் வரையறுக்கிறது.

பழைய மொழிபெயர்ப்பு உபாகமத்திலும் பஞ்சுநூல் என்னும் சொல்லையே ஆண்டது. இதனால் இருவேறு விளைவுகள் நேர்ந்தன. விலக்கும் திருத்தலமும் ஒரே சொல்லால் இணைந்தமையின், கவனமாகப் படிப்போர் அவற்றிடையே உள்ள தொடர்பைக் காண இடமுண்டு. இஃது ஆக்கம். யூதச் சட்டம் ஒருபோதும் விலக்காத பருத்தி, கம்பளிக் கலப்பு தமிழில் விலக்கப்பட்டதாகிவிட்டது. இது கேடு. கலப்பு நூல் இயல்பான வணிகப் பொருளாக உள்ள ஒரு தொழில் நகரில், எது எதனோடு கலக்கலாகாது என்னும் வினா நேரடியானது. அதற்கு மொழிபெயர்ப்பு தரும் விடை மூலத்தின் விடையாக இல்லை.

7. திரித்தலும் முறுக்கேற்றலும்

வெண்ணூலைக் குறிக்கும் சொல்லோடு பெரும்பாலும் மோசுசார் என்னும் அடை வருகிறது. ஒற்றை இழைகள் பலவற்றை ஒன்றுசேர்த்துத் திரித்தது என்பது அதன் பொருள். தால்முடின் யோமா 71ஆ பகுதி, சேசு எனக் கூறப்பட்டவை ஆறு இழை, மோசுசார் எனக் கூறப்பட்டது எட்டு இழை, திரைச்சீலை இருபத்துநான்கு இழை எனக் கணக்கிடுகிறது. எபிரேயத்தில் சேசு என்பது ஆறு என்னும் எண்ணுப்பெயராகவும் அமைவது இக்கணக்குக்கு அடிப்படை.

பழைய மொழிபெயர்ப்பு திரித்த என்றது. திருவிவிலியம் முறுக்கேற்றிய என்றது. பொதுநோக்கில் இரண்டும் ஒன்றே. தொழில்நோக்கில் வேறு. பஞ்சினின்று நூற்கப்படும் ஒற்றை இழைக்கே முறுக்கு உண்டு. முறுக்கின்றி நூல் இல்லை. பல இழைகளைச் சேர்த்து ஒன்றாக்குவதே திரித்தல்; கயிறு திரித்தல், திரி திரித்தல் என்னும் வழக்குகள் இதனைக் காட்டும். முறுக்கேற்றிய என்னும் அடை எல்லா நூலுக்கும் பொருந்துமாதலின் சிறப்பெதனையும் சுட்டாது. திரித்த என்பதோ மூலம் கருதிய சிறப்பை அப்படியே சுட்டுகிறது. மெல்லிய என்னும் அடையும் அவ்வாறே. கவுண்ட் எண் உயர உயர நூல் மெலியும் என்பதை அறிந்த தொழிலாளர்க்கு, மெலிந்த இழைகளைத் தேர்ந்து அவற்றைப் பலவாகச் சேர்த்துத் திரிப்பதில் உள்ள உழைப்பும் செலவும் விளக்காமலே விளங்கும்.

8. நெசவும் தையலும்

வேலைப்பாட்டை எபிரேயம் மூன்றாகப் பகுக்கிறது. கோசேவு என்பது உருவங்கள் அமைந்த உயர்நெசவு. உரோக்கேம் என்பது உருவத்தைப் பின்னர்ச் சேர்க்கும் வேலை. ஓரேகு என்பது பொதுநெசவு. யோமா 72ஆ பகுதி, உரோக்கேம் ஊசிவேலை, ஆதலால் அதற்கு ஒரு முகம். கோசேவு நெசவுவேலை, ஆதலால் அதற்கு இரு முகம் என வேறுபடுத்துகிறது. பழைய மொழிபெயர்ப்பு முன்னதை விசித்திரத் தையல் என்றும், பின்னதை விசித்திர நெசவு என்றும் பெயர்த்தது. யூத மரபின் வேறுபாடு இரு தமிழ்ச் சொற்களில் பிசகின்றி அமைந்துள்ளது.

திருப்பூர்த் தொழிலில் இவ்வேறுபாடு இன்றும் உயிருள்ளது. துணி உருவாகும்போதே நூலால் உருவம் அமைவது ஜக்கார்டு. துணியான பின்னர் அதன்மேல் சேர்ப்பது எம்பிராய்டரி. முன்னதில் உருவத்தைப் பிரித்தால் துணியே பிரியும்; பின்னதில் உருவம் நீங்கினும் துணி எஞ்சும். கேருபீன்கள் உள்திரையில் நெய்யப்பட்டன என்பதன் இறையியற் பொருள் இங்கே துலங்குகிறது. இறைமுன்னிலையின் அடையாளம் அத்திரையின்மேல் ஒட்டிய அணியாக இராமல், அதன் இழையோடு இழையாக இருந்தது. மத்தேயு 27:51இல் கிழிந்ததாகக் கூறப்படும் தேவாலயத் திரைச்சீலையையும், எபிரேயர் 10:20இல் கிறித்துவின் உடலோடு ஒப்பிடப்படும் திரையையும் இப்பின்னணியில் படித்தல் தகும்.

மூடுதிரைகளை இணைக்க ஓரங்களில் ஐம்பது ஐம்பது காதுகளும் ஐம்பது பொன் கொக்கிகளும் அமைந்தன. காது, கொக்கி என்னும் இரண்டும் தமிழ்த் தையல் வழக்கில் இயல்பானவை. உயர்வழக்குச் சொல் நாடாது, கைவினைஞர் சொல்லை மறைநூலில் அமர்த்திய மொழிபெயர்ப்பாளரின் துணிவு இங்குத் தெரிகிறது.

9. எஸ்தரில் மறைந்த பருத்தி

எபிரேய விவிலியத்தில் பருத்தியைக் குறிப்பதாக அறிஞர் கொள்ளும் சொல் ஒரே இடத்தில் வருகிறது. எஸ்தர் 1:6இல் பாரசீக அரண்மனைத் திரைகளுக்குரிய கர்ப்பாசு என்பது அது. வடமொழிக் கார்ப்பாசம் என்னும் பருத்திப் பெயரே பாரசீக வழியாக அங்குச் சென்றது. ஆங்கில அரசர் மொழிபெயர்ப்பு அதனைப் பச்சை நிறம் எனக் கொண்டது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் பச்சை என்றது. பருத்தி இல்லாத பாலைநிலக் கூடாரத்தில் பஞ்சுநூல் இடம்பெற்றது; இந்தியாவினின்று பருத்தி உண்மையில் சென்று சேர்ந்த அரண்மனையில் அதன் பெயர் நிறமாகி மறைந்தது.

10. முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பெறப்படுவன வருமாறு:

1. ஆசரிப்புக் கூடாரத்தின் புனிதப் படிநிலை உலோகத்தால் மட்டுமன்றித் துணியாலும் உணர்த்தப்பட்டது. ஆதலின் நூற்பெயர்கள் இறையியற் பொருளுடையவை.

2. இழைப்பெயரில் பஞ்சுநூல், சணல்நூல், நார்ப்பட்டு ஆகிய மூன்றும் நிறைவு தரவில்லை. பஞ்சுநூல் எகிப்தியத் தொடர்பையும் கலப்புச் சட்டத்தின் எல்லையையும் இழந்தது. சணல்நூல் காலப்போக்கில் சாக்கின் பொருளுக்குச் சரிந்தது. நார்ப்பட்டு இரு வேறு இழைகளை மயக்கியது.

3. வேலைப்பாட்டுப் பெயர்களில் திரித்த, விசித்திர நெசவு, விசித்திரத் தையல், காது, கொக்கி எனப் பழைய மொழிபெயர்ப்பு கொண்ட சொற்கள் மூலத்திற்கு நெருங்கியவை, தொழில்வழக்கோடும் ஒத்தவை. புதிய மொழிபெயர்ப்புகள் இவற்றைப் பேணுதல் நன்று.

4. ஆளிவிதை என்னும் பெயர் மக்கள் வழக்கில் உள்ளமையால், அச்செடியின் நாரிழையை ஆளிநூல் எனல் எளிதில் விளங்கும். திரித்த மெல்லிய ஆளிநூல் என்னும் தொடர், பழைய மொழிபெயர்ப்பின் தொழில்நுட்பத்தையும் திருவிவிலியத்தின் மூலநெருக்கத்தையும் ஒருங்கே காக்கும். லினன் என்னும் வழக்குச் சொல்லை அடிக்குறிப்பில் தரலாம்.

மறைநூல் மொழிபெயர்ப்புக் குழுக்கள் இறையியலாரையும் மொழியறிஞரையும் நாடுவது மரபு. நூலும் நெசவும் பற்றிய இயல்களுக்கு நூற்போரும் நெய்வோரும் தைப்போரும் வழங்கும் சொற்களையும் திரட்டிக் கருதுதல் வேண்டும். யாத்திராகமம் கூடாரத்தைச் செய்தோரை ஞான இருதயமுள்ளவர் என்றே அழைக்கிறது. அவ்வறிவு இன்றும் தொழிலாளர் வழங்கும் சொற்களில் வாழ்கிறது என்பதற்குக் காதும் கொக்கியும் சான்றாகும்.